நால்வர் சுமந்து வந்த மனிதன்

தியானப் பகுதி: மாற்கு 2:1–12



கப்பர்நகூமில் ஒரு வீட்டின் கூரையைப் பிரித்து, திமிர்வாதக்காரன் ஒருவனைக் கயிற்றுப் படுக்கையோடு ஆண்டவரின் முன் இறக்கிய நால்வரைப் பற்றி நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த சம்பவம் அது. ஆயினும் இந்த வாரம் அப்பகுதியை மறுபடியும் வாசித்தபோது, முன்பு என் கவனத்திற்கு வராத ஒன்று மனதில் தைத்தது. தொடக்கம் முதல் முடிவு வரை அந்த நோயாளி ஒரு வார்த்தையும் பேசவில்லை. தன்னைக் குணமாக்கும்படி கேட்கவில்லை. தன்னைச் சுமந்து செல்லும்படி நண்பர்களை அழைத்தான் என்றும் எழுதப்படவில்லை. கேட்கத் தெரியாத, அல்லது கேட்க இயலாத ஒரு மனிதனை வேறு நான்கு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவர்களுடைய விசுவாசத்தை ஆண்டவர் கண்டார்.

இப்பகுதி என்னை நம்முடைய வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்திற்குக் கொண்டுபோயிற்று. நான் ஊழியம் செய்த மூன்று ஊர்களிலும் அந்தக் கூட்டம் ஏறக்குறைய ஒரே விதமாகவே இருந்தது. பாயில் அமர்ந்திருப்போரில் பெரும்பாலோர் தாய்மார்கள். ஜெபக் குறிப்புகள் எழுதிய தாள்களை விரித்துப் பார்த்தால், பிள்ளைகளின் படிப்பு, மகளின் திருமணம் ஆகியவற்றுக்கு முன்பாக ஒரே விண்ணப்பம் திரும்பத் திரும்ப வரும்: "என் வீட்டுக்காரர் குடியை விட வேண்டும், ஐயா." அந்த விண்ணப்பத்தை ஓர் ஆண் தன் கைப்பட எனக்காக ஜெபியுங்கள் என்று எழுதித் தந்ததை நான் மிக அரிதாகவே கண்டிருக்கிறேன். திமிர்வாதக்காரனைப் போலவே அவர்களும் பேசுவதில்லை. வேறு யாரோ அவர்களுக்காகப் பேசுகிறார்கள்.

மதுவுக்கு அடிமையான ஆண்களுக்கென அமைந்த சிகிச்சையைக் குறித்தே இன்று உங்களோடு சிந்திக்க விரும்புகிறேன். இது மருத்துவரின் பொருளல்லவா, போதகர் ஏன் பேச வேண்டும் என்று சிலர் எண்ணலாம். நம்முடைய வீடுகளில் நடப்பது எதுவும் நம் ஜெபத்திற்குப் புறம்பானதல்ல. ஜெபத்திற்குரியதெல்லாம் நம்முடைய அறிவுக்கும் உழைப்புக்கும் உரியதே.

முதலாவது, இதன் அளவை அறிந்துகொள்ளுங்கள். மத்திய சமூக நீதி அமைச்சகத்திற்காக டெல்லி எய்ம்ஸ் நிறுவனம் நாடு முழுவதும் நடத்திய ஆய்வு 2019இல் வெளியானது. 10 முதல் 75 வயது வரையுள்ளோரில் 14.6 விழுக்காட்டினர், அதாவது ஏறக்குறைய 16 கோடிப் பேர், மது அருந்துகின்றனர் என்று அது கண்டது. ஆண்களுள் 27.3 விழுக்காட்டினர், பெண்களுள் 1.6 விழுக்காட்டினர். ஒரு பெண்ணுக்குப் பதினேழு ஆண்கள் என்ற கணக்கு. மதுவினால் உதவி தேவைப்படும் நிலைக்கு வந்துவிட்டவர்கள் 5 கோடிக்கும் மேற்பட்டோர். தமிழகத்தில் சில்லறை மது விற்பனையை 2003 முதல் அரசு நிறுவனமே நடத்திவருகிறது என்பதை நான் சொல்லத் தேவையில்லை. கடைக்கு வழி எல்லாருக்கும் தெரியும். அதிலிருந்து மீளும் வழியே பலருக்குத் தெரியாது.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வட்டாரத்தில் மூன்று நாள் எழுப்புதல் கூட்டம் நடைபெற்றது. முதல் நாள் இரவில் கட்டட வேலை செய்யும் ஒரு சகோதரர் முன்வந்து, இன்றோடு குடியை விட்டேன் என்று கண்ணீரோடு அறிக்கையிட்டார். இருபது ஆண்டுகளாக நாள்தோறும் குடித்தவர் அவர். சபையார் கைதட்டி ஆர்ப்பரித்தார்கள். மறுநாள் காலையில் அவருக்குக் கை நடுங்கியது, உடல் முழுவதும் வியர்த்தது, உணவு தங்கவில்லை. அன்றிரவு வலிப்பு வந்தது. அவர் மனைவி அலறிக்கொண்டு ஓடிவந்தார்கள். பிசாசு விட்டுப்போகாமல் அலைக்கழிக்கிறது என்று கூடிநின்றவர்களில் ஒருவர் சொன்னார். எங்கள் சபையில் அரசு மருத்துவமனைச் செவிலியர் ஒரு அக்கா இருக்கிறார்கள். அவர்கள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவரைப் பார்த்துவிட்டு, "ஐயா, ஜெபத்தை வண்டியில் போகும்போது பண்ணிக்கொள்ளலாம். இப்போது வண்டியை வரச்சொல்லுங்கள்" என்றார்கள். அப்படியே செய்தோம். அந்தச் சகோதரர் பிழைத்தார்.

அந்த அக்கா பின்னர் எனக்கு விளக்கியதை நீங்களும் அறிந்திருக்க வேண்டும். நீண்ட காலம் நாள்தோறும் அதிகமாகக் குடித்த ஒருவரின் மூளை அந்த மதுவுக்கு ஏற்பத் தன்னைச் சரிசெய்துகொண்டிருக்கும். மது திடீரென்று நின்றால், கட்டு அவிழ்ந்ததுபோல் நரம்பு மண்டலம் கொந்தளிக்கும். கடைசியாகக் குடித்த சில மணி நேரத்தில் நடுக்கமும் பதற்றமும் தொடங்கும். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளுக்குப் பின் நான்காம் நாள் வரை சிலருக்கு மனக்குழப்பமும், இல்லாத பூச்சிகளும் மனிதர்களும் கண்ணுக்குத் தெரிவதும், கடும் காய்ச்சலும் உண்டாகும். மருத்துவர்கள் அதை டெலிரியம் ட்ரெமன்ஸ் என்பார்கள். சிகிச்சையின்றி விட்டால் அது உயிரையும் பறிக்கும். மருத்துவமனையில் நரம்பைத் தணிக்கும் மருந்தைக் கொடுத்து, நாளுக்கு நாள் அளவைக் குறைத்துக்கொண்டே வருவார்கள். குடியினால் உடலில் குறைந்துபோன தயமின் என்னும் பி1 வைட்டமினை ஊசி வழியாகச் செலுத்துவார்கள். அது மிகவும் குறைந்தால் மூளை நிரந்தரமாகப் பாதிக்கப்படும். ஆகவே, நெடுநாள் குடித்த ஒருவர் குடியை விடத் தீர்மானித்தால், அந்தத் தீர்மானத்திற்காகத் தேவனை ஸ்தோத்திரியுங்கள். அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். இவ்விரண்டுக்கும் இடையே முரண்பாடு ஏதுமில்லை. அறிக்கையிட்ட மனிதன் உயிரோடிருந்தால்தானே அந்த அறிக்கை நிலைக்கும்?

அந்தச் சகோதரர் அங்கிருந்து ஆண்களுக்கான போதை மீட்பு மையம் ஒன்றுக்கு அனுப்பப்பட்டார். சனிக்கிழமைதோறும் அவரைப் பார்க்கச் சென்றேன். ஒரு நாள் அவர்களுடைய குழு உரையாடலில், எல்லாருடைய சம்மதத்தோடும், ஓர் ஓரத்தில் அமர எனக்கு அனுமதி கிடைத்தது. அங்கே கேட்டவற்றை யாரும் அடையாளம் காண இயலாத அளவுக்கு மட்டுமே சொல்கிறேன். பத்துப் பன்னிரண்டு ஆண்கள் வட்டமாக அமர்ந்திருந்தார்கள். லாரி ஓட்டுபவர், கடை வைத்திருப்பவர், கல்லூரியில் படித்து வேலை கிடைக்காதவர், ஓய்வு பெற்ற அரசு ஊழியர் எனப் பலதரப்பட்டவர்கள். முதல் அரைமணி நேரம் வழக்கமான பேச்சே நடந்தது: எங்கே குடித்தோம், எவ்வளவு குடித்தோம். அதில் சற்றுப் பெருமையும் கலந்திருந்தது. அதன்பின் ஆலோசகர், அவரும் ஒரு காலத்தில் குடித்து மீண்டவர்தாம், ஒரே கேள்வி கேட்டார்: "வீட்டில் உங்களைக் கண்டு பயப்படுவது யார்?"

வெகுநேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு ஒருவர், தாம் வரும் சத்தம் கேட்டால் தம் மகள் அறைக்கதவைத் தாழிட்டுக்கொள்வதாகச் சொன்னார். அதைச் சொல்லிவிட்டுத் துண்டினால் முகத்தை மூடிக்கொண்டார். இன்னொருவர், கடன் கொடுத்தவனிடம் மனைவியின் தாலியை அடகு வைத்ததையும், அதை இன்றுவரை தம் தகப்பனாருக்குச் சொல்லவில்லை என்பதையும் சொன்னார். மற்றொருவர் சிறுவயதில் தமக்கு ஒரு பெரியவர் செய்த கொடுமையைச் சொன்னார். நாற்பது ஆண்டுகளில் அதை முதன்முதலாகச் சொல்வதாகக் கூறினார். யாரும் சிரிக்கவில்லை, யாரும் புத்தி சொல்லவில்லை. அவருக்குப் பக்கத்தில் இருந்தவர் தம் கையை அவர் தோள்மீது வைத்தார்.

வெளியே வரும்போது ஆலோசகரிடம் கேட்டேன்: இவர்கள் இதை மனைவியிடமோ, என்னிடமோ ஏன் சொல்வதில்லை? அவர் சொன்ன பதிலின் சாரம் இது. ஆண் அழக்கூடாது என்று ஐந்து வயதிலேயே கற்றுக்கொடுக்கிறோம். பயத்தைக் காட்டாதே, தோல்வியை ஒப்புக்கொள்ளாதே, யாரிடமும் கைநீட்டாதே என்கிறோம். துக்கம் வந்தாலும் பயம் வந்தாலும் அவனுக்கு அனுமதிக்கப்பட்ட உணர்ச்சி கோபம் ஒன்றுதான். மற்றவற்றையெல்லாம் விழுங்கிக்கொள்ள அவனுக்கு ஏதாவது ஒன்று வேண்டியிருக்கிறது. பெண்கள் முன்னிலையில் அவன் தன்னைக் காக்கும் வேடத்தை விடமாட்டான்; போதகர் முன்னிலையில் பக்தன் வேடத்தை விடமாட்டான். தன்னைப் போலவே விழுந்த இன்னொரு ஆண் முன்னால்தான் அவனுக்கு வேடம் தேவையற்றதாகிறது.

அமெரிக்க அரசின் போதை மற்றும் மனநலச் சேவைத் துறை பெண்களின் சிகிச்சைத் தேவைகளுக்கென 2009இல் ஒரு வழிகாட்டி நூலையும், ஆண்களின் தேவைகளுக்கென 2013இல் வேறொன்றையும் வெளியிட்டது. ஆண்கள் உதவி கேட்கத் தயங்குவது, உணர்ச்சிகளைச் சொல்லப் பழகாதது, கோபமும் வன்முறையும், மறைத்து வைத்த அவமானம், சிறுவயதில் அனுபவித்த கொடுமை, தகப்பன் என்னும் பொறுப்பு, வேலை இழப்பு ஆகியவற்றை அந்நூல் தனித்தனியே எடுத்து ஆராய்கிறது. நம்முடைய ஊர் நிலைமை வேறு. ஆனால் அந்தப் பட்டியலில் நமக்கு அந்நியமானது எது?

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். நம் நாட்டிலுள்ள மையங்களில் பெரும்பாலானவற்றில் ஆண்களே இருக்கிறார்கள். அதனாலேயே அவை ஆண்களுக்கென அமைந்த சிகிச்சையைத் தருகின்றன என்று சொல்லிவிட முடியாது. ஆண்களை ஒரே கூடத்தில் அடைத்து, மாத்திரை கொடுத்து, முப்பது நாள் கழித்து அனுப்பிவிடுவது ஒன்று. ஆணாக இருப்பதனாலேயே அவன் சுமக்கும் பாரங்களைப் பெயர்சொல்லி எடுத்துப் பேசவைத்து, கோபத்தை அடக்கவும் கடனை ஒழுங்கு செய்யவும் பிள்ளையின் முகத்தைப் பார்க்கவும் பழக்குவது வேறொன்று. மனைவியை அடித்தவன், குடியை மட்டும் நிறுத்திவிட்டு அடிப்பதை நிறுத்தாமல் வீடு திரும்பினால், அந்த வீட்டுக்கு மீட்பு வந்துவிட்டதாகச் சொல்ல முடியுமா? குடி நின்றால் அடி தானாக நிற்கும் என்று எண்ணிக் காத்திருக்கும் சகோதரிகளுக்குச் சொல்கிறேன்: உங்கள் பாதுகாப்பைப் பற்றி முதலிலேயே ஆலோசகரிடம் பேசுங்கள். உங்கள் பொறுமையை அவனுடைய சிகிச்சையின் ஒரு பகுதியாக்க யாருக்கும் உரிமையில்லை.

சிகிச்சையின் ஒரு பகுதியைக் குறித்துத் தாய்மார்களுக்குச் சிறப்பாக ஓர் எச்சரிக்கை. குடிப்பவருக்குத் தெரியாமலே குடியை மறக்கச் செய்வோம் என்ற விளம்பரங்களைச் சுவர்களில் பார்த்திருப்பீர்கள். டைசல்பிராம் என்றொரு மருந்து உண்டு. 1940களின் இறுதியில் டென்மார்க் நாட்டு ஆய்வாளர்கள் அதன் இந்தப் பயனைக் கண்டறிந்தார்கள். உடலில் மது சிதைந்து உண்டாகும் நச்சுப்பொருளை மேலும் சிதையவிடாமல் அது தடுக்கும். அம்மருந்தை உட்கொண்டவர் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, இரத்த அழுத்தம் வீழும். தெரிந்து, சம்மதித்து, மருத்துவர் கண்காணிப்பில் உட்கொள்பவருக்கு அது ஒரு வேலி. குழம்பிலே இரகசியமாகக் கலந்து கொடுத்தால் அதுவே மரணத்துக்கு வழியாகும். மனம் நொந்து அப்படிச் செய்ய நினைக்கும் சகோதரியை நான் குற்றம் சாட்டமாட்டேன். ஆனால் வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன். குடிக்கும் வேட்கையைக் குறைக்கும் நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போன்ற வேறு மருந்துகளும் உள்ளன. எது யாருக்கு ஏற்றது என்பதை மருத்துவரே தீர்மானிக்க வேண்டும். டைசல்பிராம் உட்கொள்பவருக்குச் சில இருமல் மருந்துகளிலும் டானிக்குகளிலும் உள்ள சிறிதளவு மதுவும் ஆகாது. ஆகவேதான் எங்கள் சபையில் திருவிருந்துக்குப் புளிக்காத திராட்சரசத்தையே பயன்படுத்துகிறோம். மீண்டுவரும் ஒரு சகோதரன் கர்த்தருடைய பந்தியிலே தயங்கி நிற்கலாகாது.

மதுவிலிருந்து மீள்வதில் மனிதனுக்கு மனிதன் எவ்வளவு தேவை என்பதற்கு உலகறிந்த ஒரு சாட்சி உண்டு. 1935ஆம் ஆண்டு மே மாதம், பில் வில்சன் என்னும் நியூயார்க் நகரத்தவர் அமெரிக்காவின் ஏக்ரன் நகரில் வியாபாரம் தோல்வியுற்ற நிலையில் ஒரு விடுதியின் கூடத்தில் நின்றுகொண்டிருந்தார். குடியை விட்டு அவருக்குச் சில மாதங்களே ஆகியிருந்தன. ஒருபுறம் மது அருந்தும் அறையின் ஆரவாரம்; மறுபுறம் தொலைபேசியும் திருச்சபைகளின் பெயர்ப் பட்டியலும். அவர் தொலைபேசியை எடுத்து, அதிலிருந்த வால்டர் டங்க்ஸ் என்ற போதகரை அழைத்தார். தம்மைப் போன்ற இன்னொரு குடிநோயாளியோடு பேச வேண்டும் என்று கேட்டார். அந்தத் தொடர்பின் வழியே டாக்டர் பாப் ஸ்மித் என்னும் அறுவை மருத்துவரைச் சந்தித்தார். சில மணித்துளிகளே இருப்பதாகச் சொல்லி வந்த மருத்துவர் பல மணி நேரம் இருந்தார். அவர் கடைசியாகக் குடித்த நாளாகிய 1935 ஜூன் 10ஐயே ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்னும் ஏ.ஏ. தோழமை தன் பிறந்த நாளாகக் கருதுகிறது.

இதில் அந்தப் போதகரின் பங்கைப் பாருங்கள். அவர் பில் வில்சனைக் குணமாக்கவில்லை. நீண்ட பிரசங்கம் எதுவும் செய்யவில்லை. முன்பின் அறியாத ஒருவனுடைய விசித்திரமான வேண்டுகோளை மதித்து, தொடர்புகொள்ள வேண்டியவர்களின் பெயர்களைத் தந்தார். அவ்வளவே. கூரையைப் பிரித்த நால்வரும் அப்படித்தான். குணமாக்கும் வல்லமை அவர்களிடம் இல்லை; குணமாகும் இடத்திற்குக் கொண்டுபோகும் மனம் இருந்தது. ஊழியர்களாகிய நமக்கு இது பெரிய ஆறுதல், பெரிய பாடமும்கூட. நம்முடைய ஊரில் ஏ.ஏ. கூட்டம் எங்கே, எந்த நாளில் கூடுகிறது என்பதை ஒவ்வொரு போதகரும் அறிந்திருக்கலாமே! ஆலயத்தின் ஓர் அறையை வாரத்தில் ஒரு மாலை அவர்களுக்குத் திறந்துகொடுக்கலாமே!

அந்தத் தொடக்க நாட்களில் தோழமையில் ஏறக்குறைய எல்லாரும் ஆண்களே. அவர்கள் ஓர் அறையில் பேசிக்கொண்டிருக்க, மனைவிமார் காப்பி போட்டுக்கொண்டும் வெளியே காத்துக்கொண்டும் இருந்தார்கள். அப்படிக் காத்திருந்தவர்களுக்கும் காயங்கள் உண்டு என்பதை உணர்ந்து, பில் வில்சனின் மனைவி லோயிஸ் வேறு சிலரோடு சேர்ந்து 1951இல் குடும்பத்தாருக்கான அல்-அனான் தோழமையை நிறுவினார். ஆண்களுக்குத் தனி இடம் என்பது பெண்களை மறந்துவிடுவதற்கு அனுமதி அன்று.

நம்முடைய சென்னையிலேயே இதற்குச் சாட்சி உண்டு. சாந்தி ரங்கநாதன் அம்மையார் இளம் வயதிலேயே தம் கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்தார். அது 1979. அக்காலத்தில் இந்நோய்க்கென நம் ஊரில் முறையான சிகிச்சை இடம் இல்லாதிருந்தது. அடுத்த ஆண்டே, 1980இல், தம் கணவரின் பெயரால் டி.டி. ரங்கநாதன் ஆராய்ச்சி அறக்கட்டளை உருவாக அவர் காரணமானார். டி.டி.கே. மருத்துவமனை என்று நாம் அறிந்திருப்பது அதுவே. குடிப்பவருக்கு மட்டுமன்றி மனைவிக்கும் குடும்பத்தாருக்கும் சிகிச்சை தேவை என்பதை அது தொடக்கத்திலிருந்தே வலியுறுத்தியது. கிராமங்களுக்குச் சென்று முகாம்களும் நடத்தியது. 1992இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. தம் வீட்டு ஆண் ஒருவரைக் காப்பாற்ற முடியாத துக்கத்திலிருந்து ஒரு பெண் எழுந்து, பிற வீடுகளின் ஆண்கள் காப்பாற்றப்பட வழி திறந்தார்.

குடிக்கும் பெண்களின் நிலையோ இன்னும் கடினமானது. எண்ணிக்கையில் குறைவு என்பதாலேயே அவர்களுக்கென இடங்கள் மிகக் குறைவு. ஒரே அளவு மதுவும் பெண்ணின் உடலை விரைவாகக் கெடுக்கிறது. ஆணுக்கு அனுதாபம் காட்டும் சமூகம் பெண்ணைத் தூற்றுகிறது. ஆண்களின் கூடத்தில் ஒரு மூலையைக் கொடுத்து அவளை அமரச் சொல்வதும் சிகிச்சையாகாது. ஆண்களுக்குத் தனி இடம் வேண்டும் என்று நாம் வாதிடும் அதே நியாயம் அவளுக்கும் உரியது.

ஒரு மையத்தைத் தெரிந்தெடுக்கும்போது சிலவற்றைக் கேட்டறியுங்கள். அது முறையாகப் பதிவு பெற்றதா? மருத்துவரும் செவிலியரும் உண்மையில் அங்கே இருக்கிறார்களா? குடும்பத்தார் வந்து பார்க்க முடியுமா? மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் ஆலோசனை உண்டா? வீடு திரும்பிய பின் தொடர்ந்து வரச் சொல்வார்களா? அடித்துத் திருத்துவோம் என்று சொல்லும் இடத்திலிருந்து அக்கணமே திரும்பிவிடுங்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் மதுவாலும் போதைப்பொருளாலும் வரும் மனநிலைப் பாதிப்புகளையும் உள்ளடக்கியது. எவரையும் எவ்விதத்திலும் சங்கிலியால் கட்டுவதை அது தடைசெய்கிறது. கட்டணம் செலுத்த இயலாதவர்கள் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவையும், அமைச்சகத்தின் உதவியோடு தொண்டு நிறுவனங்கள் நடத்தும் மறுவாழ்வு மையங்களையும் அணுகலாம். போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446; மனநல ஆலோசனைக்கான டெலி மானஸ் எண் 14416. இரண்டும் கட்டணமற்றவை. வேதாகமத்தின் முதல் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த இரண்டாம் எண்ணை நான் வலியுறுத்தக் காரணம் உண்டு. 2022இல் நம் நாட்டில் தற்கொலையால் இறந்தவர்கள் 1,70,924 பேர் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிவு செய்தது. நூறில் ஏறக்குறைய 72 பேர் ஆண்கள். குடியும் கடனும் அவமானமும் ஒன்றுசேரும் இடத்தில் ஆண் மௌனமாகிறான். அந்த மௌனத்தைத் திடமனது என்று எண்ணி நாம் கடந்துபோகிறோம். உங்கள் வீட்டு ஆண் சாவைப் பற்றி விளையாட்டாகப் பேசினாலும் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நேரடியாகக் கேளுங்கள், தனியே விடாதீர்கள்.

நான் முன்பு சொன்ன சகோதரரைப் பற்றி நீங்கள் அறிய விரும்புவீர்கள். அவர் வீடு திரும்பிய பின் ஏழு மாதம் குடிக்கவில்லை. பின்பு, கூலி கைக்கு வந்த ஒரு சனிக்கிழமை, பழைய நண்பர்களோடு "ஒரு கட்டிங் மட்டும்" என்று போய், நான்கு நாள் குடித்தார். சபையில் சிலர், எதிர்பார்த்ததுதானே என்றார்கள். ஐந்தாம் நாள் அவர் தாமாகவே மையத்தின் ஆலோசகரை அழைத்தார். அழைக்கத் தெரிந்துகொண்டதுதான் அந்தச் சிகிச்சை அவருக்குத் தந்த பெரிய நன்மை என்று நான் நினைக்கிறேன். சர்க்கரை நோயைப் போல, இரத்த அழுத்தத்தைப் போல, குடிநோயும் திரும்பிவரக்கூடியது. திரும்பி வந்ததற்காக மருத்துவத்தையோ விசுவாசத்தையோ பொய் என்று தள்ளிவிட முடியாது. இப்போது அவர் கூலியை வாரந்தோறும் மனைவியின் வங்கிக் கணக்கிலேயே செலுத்தச் சொல்லியிருக்கிறார். சனிக்கிழமை மாலைகளில் வேறு மூன்று ஆண்களோடு ஆலயத்தின் பின்னறையில் அமர்கிறார். அங்கே நான் போவதில்லை. அது அவர்களுடைய இடம். தேநீருக்கான பால் மட்டும் என் வீட்டிலிருந்து போகிறது.

யாக்கோபு தம் நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தில், குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடவும், குணமடையும்படி ஒருவருக்காக ஒருவர் ஜெபிக்கவும் கற்பிக்கிறார். நாம் ஜெபத்தைப் பெண்களிடம் விட்டுவிட்டோம். அறிக்கையை யாருமே எடுத்துக்கொள்ளவில்லை. சபையின் ஆண்களே, உங்களைக் கேட்கிறேன். உங்கள் தெருவில், உங்கள் வேலையிடத்தில், உங்கள் வரிசையிலேயே அமர்ந்திருக்கும் ஒருவன் பேசாமல் படுக்கையில் கிடக்கிறான். அவன் மனைவி ஒரு முனையைத் தனியே பிடித்துக்கொண்டு பல ஆண்டுகளாக இழுத்துக்கொண்டிருக்கிறாள். அந்தப் படுக்கைக்கு நான்கு முனைகள் உண்டு. மருத்துவர் ஒரு முனையைப் பிடிப்பார். மீண்டுவந்த ஒருவன் ஒரு முனையைப் பிடிப்பான். மற்றொரு முனையைப் பிடிக்க இந்த வாரம் உங்களால் கூடுமா? அவனுக்கு அறிவுரை சொல்ல வேண்டாம். அரசு மருத்துவமனைக்கு உடன் போய், வரிசையில் நின்று, சீட்டு வாங்கிக்கொடுத்து, அவன் உள்ளே போய்வரும்வரை வெளியே அமர்ந்திருங்கள்.

ஜெபம்: இரக்கமுள்ள பிதாவே, கேட்கத் தெரியாமல் கிடக்கும் எங்கள் தகப்பன்மாரையும் சகோதரரையும் பிள்ளைகளையும் உம்முடைய சமுகத்தில் கொண்டுவருகிறோம். அவர்களால் காயப்பட்ட வீடுகளைத் தேற்றியருளும். மருத்துவர்களின் கைகளையும் செவிலியரின் விழிப்பையும் ஆசீர்வதியும். விழுந்து எழுந்தவர்களுக்கு மறுபடியும் எழும் பெலனைத் தாரும். எங்களுக்குச் சுமக்கும் மனதைத் தாரும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், ஆமென்.